பிள்ளை வண்டியும் குழவிக் கல்லும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் அம்மா சொல்வாள். அது சரியில்லை. எனக்குக் கோபம் நாக்கு நுனியில் இருக்கிறது. மூக்கோடு நின்றிருந்தால் சிவந்துவிட்டு அடங்கியிருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை.

மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில்தான் அவளுடைய இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். நெஞ்சுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரை மாவுக்கட்டு. கால் இரண்டும் தவளைக்கு இருப்பதுபோல அகன்று நிற்கும். இரண்டு காலுக்கும் நடுவில் குறுக்கே ஒரு கட்டை. "ஆறு வாரம் கழிச்சுக் கட்டு மாத்தணும். அதுவரைக்கும் கட்டு விரிசல் விடாமப் பாத்துக்கோங்க. விரிசல் விட்டா எலும்பு நகரும். நகர்ந்தா மறுபடியும் தியேட்டருக்குத்தான் போகணும்" என்றார் டாக்டர். அந்த 'மறுபடியும்' என்ற சொல் ஆறு வாரமும் என்னோடு சோறு தின்றது, என்னோடு படுத்தது.

ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வந்தோம். பெட்டி குலுங்கும்போதெல்லாம் பிள்ளை கத்தினாள். விருதுநகர் தாண்டியும் அழுகை ஓயவில்லை. அடுத்த முறை விமானத்தில் போய்விடுங்கள் என்று மஸ்கட்டிலிருந்து என் கணவர் சொல்லிவிட்டார். துணைக்கு அவருடைய அக்கா, என் மதினி. எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, கணவரையும் இழந்து, தம்பி வீட்டுக்கு வந்தவர்.

விமானத்தில் பறப்பது ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு சென்னையில் அத்தனை தூரம் நடக்க வேண்டும், மறுநாள் ஆஸ்பத்திரியில் மாடி மாடியாக அலைய வேண்டும். இந்தப் பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாது, தோளில் சாய்க்க முடியாது. வண்டி வேண்டும். நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் மகளைக் கிடத்தி, மாவுக்கட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டி எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக் கடைகளுக்குப் போனேன். ஒரு கடைக்கார அண்ணாச்சி அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சட்டை தைக்கவா வந்திய?" என்றார். சிரிக்கும் நிலையிலா இருந்தேன்? விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பாவம், கடையிலிருந்த அத்தனை வண்டியையும் இறக்கிப் போட்டு, காகிதத்தை வைத்து வைத்துப் பார்த்தார்.

சுருக்கி மடித்தால் விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம் என்ற வண்டிகள் எல்லாம் ஒடிசல். பிள்ளையின் முழங்கால் வரை கூட அகலம் காணவில்லை. படுக்கையாக விரிகிற, பக்கத்தில் கம்பி இல்லாத, அகலமான வண்டி ஒன்றே ஒன்று இருந்தது. மடித்தாலும் அது பெரிய சூட்கேஸ் அளவுக்கு நின்றது. பெட்டிகளோடு பெட்டியாகக் கீழே போட்டுத்தான் அனுப்ப வேண்டும். தூக்கி எறிவார்களே. வேறு வழியும் இல்லை.

பேட்டையில் லாரிக்குப் படுதா தைக்கிறவரிடம் வண்டியைக் கொண்டுபோய் அளவு கொடுத்து ஒரு உறை தைத்தேன். உள்ளே நாற்காலிக்குப் போடுகிற தடித்த பஞ்சு. சக்கரத்துக்குத் தனி மூடி. கைப்பிடிக்குத் தனி. வாய்க்குக் கண்ணி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிற மாதிரி. "இதுக்கு மேல லாரியே ஏறுனாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் அவர். நம்பினேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே சண்டையும் வந்தது. அது கூடத்தில் காலியாக நிற்பது மதினிக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டக் கூடாது என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். பிள்ளையை முதல்முதலாகத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் அதில் குழவிக் கல்லைப் போட்டு எடுப்பதும் உண்டு. கல் மாதிரிப் பிள்ளை கெட்டியாக இருக்க வேண்டும் என்று. மதினி அடுக்களையில் இஞ்சி தட்டுகிற சின்னக் குழவியைக் கழுவித் துடைத்து, வண்டியில் பிள்ளை படுக்கிற இடத்தில் கிடத்தியிருந்தார். நான் வண்டியை நகர்த்தப் போனேன், அது உருண்டு வந்து என் கையில் இடித்தது.

"மதினி, இது தொட்டில் இல்ல, வண்டி. கல்லைப் போட்டுக் கம்பியை ஒடிச்சிராதீங்க!"

"வெறும் வண்டியா நிக்குதேளா. ஒரு பேச்சுக்குக் கிடக்கட்டுமே."

"எம்பிள்ளைய எப்படிப் பாத்துக்கிடணும்னு எனக்குத் தெரியும்."

'எம்பிள்ளை' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். தெரியாமல் வந்த வார்த்தை இல்லை. மதினி கல்லை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

புறப்படுகிற அன்று காலையில் பிள்ளை குடித்த பாலை அப்படியே கக்கினாள். துடைக்கும்போது கட்டின் ஓரத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்து என் விரலில் ஒட்டியது. டாக்டருக்குப் போன் போட்டேன். ஓரம்தான், பரவாயில்லை, பத்திரமாகக் கொண்டு வாங்க என்றார். மதினி குளிக்கப் போயிருந்தார். நான் அடுக்களைக்குப் போனேன். அந்தக் குழவியை எடுத்தேன். பிள்ளையின் பழைய சட்டை ஒன்றில் சுற்றி, மடித்த வண்டியின் நடுவில் செருகினேன். படுதாவை மூடிக் கயிற்றை இறுக்கினேன். எம்.எஸ்ஸி. படித்தவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அந்த நேரத்தில் யார் என்ன செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

தூத்துக்குடி விமான நிலையத்தில் வண்டியைக் கவுண்டரிலேயே கொடுத்தோம். பறக்கும்போது இரண்டு பேர் மடியிலும் சேர்த்துப் பிள்ளையைக் கிடத்திக்கொண்டோம். மதினிக்கு அதுதான் முதல் விமானம். ஜன்னல் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. கட்டின் குறுக்குக் கட்டையின் மேலேயே கை வைத்திருந்தார்.

சென்னையில் பெல்ட்டில் படுதா மூட்டை சுற்றி வந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது. கயிற்றை அவிழ்த்து, மூடிகளைக் கழற்றி வண்டியை விரித்தேன். ஒரு பக்கம் விரிந்தது. மறுபக்கம் மடங்குகிற மூட்டு பிளந்து தொங்கியது.

அப்புறம் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. விமானக் கம்பெனியின் சீருடையில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்குமோ என்னவோ. "மனுசங்கதானா நீங்க? நொண்டிப் பிள்ளை வண்டியத் தூக்கி எறிஞ்சிருக்கீங்களே!" என்று கத்தினேன். என் பிள்ளையை 'நொண்டி' என்று அன்றுதான், நானேதான், முதலில் சொன்னேன். கூட்டம் கூடியது. எனக்காகப் பேச இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் கண் கலங்கிப் புகார்த் தாளை எடுத்து வந்தாள். உடைந்த இடத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று குனிந்து துணியை விலக்கினாள்.

குழவி அங்கே இருந்தது. மூட்டுக்குள் இறுக்கமாகச் செருகிக்கொண்டு நின்றது. மேலே எது அமுக்கியதோ, கல் மூட்டைப் பிளந்துவிட்டது.

"இது என்ன மேடம்?"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எனக்குத் தெரியாது. எங்க மதினி வச்சிருப்பாங்க. இந்த மாதிரி வேலையெல்லாம் அவங்கதான் செய்வாங்க."

மதினி பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆமா தாயி, நாந்தான் வச்சேன். தெரியாம வச்சிட்டேன்" என்றார்.

"இந்தக் காலத்துலயும் இப்படியா?" என்றார் கூட்டத்தில் ஒருவர். எனக்காகப் பேசிய அதே மனிதர்தான்.

அங்கிருந்து டாக்ஸி வரை மதினிதான் பிள்ளையைச் சுமந்தார். நான் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. கட்டு எங்கேயும் இடிக்காமல், இரண்டு கைகளையும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு, பைய, பைய நடந்தார். நான் உடைந்த வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

டாக்ஸியில் ஏறியதும் என் கணவரின் போன் வந்தது. வண்டி பத்திரமாக வந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினியே சொல்லிவிட்டார், கல் வைத்தது தான்தான் என்று. ஸ்பீக்கர் போட்டிருந்தது.

"ஒனக்கு அறிவிருக்காக்கா? கட்டு ஒடைஞ்சிருந்தா என்ன செய்வ? ஒரு பிள்ளை பெத்திருந்தால்லா தெரியும் ஒனக்கு!"

மதினி "சரிய்யா" என்றார். நான் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது, மறுபடியும் ஆபரேஷன் தேவையில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "மதினி, நான் உங்க தம்பிகிட்டச் சொல்லிருதேன். நாந்தான் வச்சேன்னு இப்பவே போன் போட்டுச் சொல்லிருதேன்."

மதினி கையை உருவிக்கொண்டார்.

"எதுக்குளா? நீ சொன்னா அவன் ஒன்ன நாலு ஏச்சு ஏசுவான், என்கிட்ட 'மன்னிச்சிரு அக்கா'ன்னு சொல்லுவான். நேத்து அவன் சொன்னது என் காதுல விழல்லன்னு ஆயிருமா?"

அன்றைக்குச் சொல்லவில்லை. மகள் எழுந்து நிற்கப் பழகிய நாளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அன்றைக்கும் சொல்லவில்லை. மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். என் கணவர் இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.