வெறுங் கணினி

அண்ணையை நினைத்தால் முதலில் வருவது அவருடைய சட்டைப் பையில் கிடந்த கறுப்புப் பென்டிரைவ்தான். சுவிட்சர்லாந்தில், ஷ்லீரன் என்ற ஊரில் சின்ன அலுவலகம். முதியோர் இல்லங்களுக்கு மருந்துப் பட்டியல் காட்டும் மென்பொருள் செய்தோம். அங்கே தமிழர் அவரும் நானும்தான், ஒரே அறை. புதிய பதிப்பு முடிகிற ஒவ்வொரு வாரமும், அவர் அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை ஓல்டனுக்கு ரயில் ஏறுவார். விடுமுறை நாளில் யாருக்குக் காட்டுகிறார்? விற்கிறாரோ? கேட்டால், "சும்மா ஒருக்கா பாத்திட்டு வாறன் தங்கச்சி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவேயில்லை.

மென்பொருளை மற்றக் கணினிகளில் நிறுவும் கோப்பான இன்ஸ்டாலரைக் கட்டுவதிலும் எங்களுக்கு ஒத்துவராது. மென்பொருள் ஓடுவதற்கு வேறு சில துணை நிரல்கள் வேண்டும். அவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டவேண்டும் என்பார் அவர். "போற இடத்தில இருக்குமெண்டு ஆர் கண்டது?" நானோ புதுக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கோப்பு சின்னது, தேவையானதை நிறுவும்போது இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். என் கணினியில் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. அவர் பெரிய கோப்புக் கேட்பதுகூட எதையோ ஒளிக்கத்தான் என்று பட்டது. பென்டிரைவ் விஷயத்தை முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அன்றே அண்ணைக்குக் கடிதம் வந்தது. அவர் அதை இரண்டுமுறை வாசித்து மடித்து வைத்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நான் கட்டிய சின்னக் கோப்பே இல்லங்களுக்குப் போனது.

அடுத்த திங்கள் காலை ஓல்டன் முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி. மருந்துப் பட்டியல் திறக்கவில்லை. அவர்களுடைய கணினிகள் வெளி இணையத்துக்குப் போகமுடியாதபடி அடைக்கப்பட்டவை; துணை நிரல் ஒன்றும் இறங்கவில்லை. என் கணினியில் அவை எப்போதோ ஏறியிருந்தன, அதனால்தான் ஓடியது. கடவுளே, அதுகூட எனக்குத் தோன்றவில்லை! பேசியவர் அங்கே வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அக்கா. "இந்தமுறை ஏன் அண்ணை வரேல்லை? எங்கட வெறுங் கணினியில முதல் போட்டுப் பாத்திட்டுத்தானே தாறவர்?" ஒன்றும் ஏற்றாத பழைய கணினி ஒன்றை அவருக்காகவே அங்கே வைத்திருந்தார்களாம்.

அண்ணை மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டி அனுப்பினார். முதலாளியிடம் சொன்னது நான்தான் என்று அழுதேன்.

"தெரியும்" என்றார். "கடிதம் வந்த அண்டைக்கு எல்லாரும் என்னெண்டு கேட்டவை. நீ மட்டும் கேக்கேல்லை."

கடிதத்தை முதலாளி திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்றும் நாங்கள் அதே அறையில்தான். தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார், குடிக்கக் கோப்பியும் கொண்டுவந்து தருகிறார். ஆனால் அந்தக் கோப்பிக்கு எழும்பும் ஒவ்வொரு முறையும் தன் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார். அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.