கறுப்பு வெள்ளைப் பெட்டியில் வெளுத்த வேட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரையும் அழுக்குச் சட்டையோடு தெருவில் இறக்கியதில்லை. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் எழுத்து கையெழுத்தோடு சரி.

அப்போது எங்கள் ஊருக்கே ஒரே டிவி, பஞ்சாயத்துக் கட்டடத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். நடுவில் சோப்புத்தூள் விளம்பரம் வரும். பட்டணத்துக்காரி ஒருத்தி சட்டையை உதறிக்கொண்டு பாடுவாள்:

"வெள்ளை வெள்ளை பால் வெள்ளை,
பக்கத்து வீட்டில் இது இல்லை!"

படம் மறந்துபோகும், பாட்டு மறக்காது. களை எடுக்கும்போதும் அதுதான், மாடு கழுவும்போதும் அதுதான். நானும்தான் பாடினேன், இல்லை என்று சொல்லவில்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர் உத்திரமேரூர் கடைத்தெருவிலிருந்து அந்தத் தூளை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தாமே, இனிமே இதுல தொவை. டிவில இன்னா வெளுப்பா கீது, பாத்தியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோடையில் விடியுமுன் களர்நிலத்தில் உவர்மண் சுரண்டி, கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை வேகவைத்துத் துவைக்கிறவள் நான். நான் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனார். எவளோ இரண்டு வரி பாடிவிட்டால் என் துவைப்பு மட்டமாகிவிடுமா?

அவருடைய எட்டுமுழ வேட்டியை நடுவில் கிழித்தேன். பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்கு உட்காரவைத்து, ஒரு பாதியைத் தூளில் துவைத்தேன். மறுபாதியை உவர்மண் தண்ணீரில் துவைத்து, அடையாளத்துக்கு ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டேன். அடுத்த ஞாயிறு, படம் தொடங்குமுன், டிவிக்கு எதிரே கொடி கட்டி இரண்டையும் தொங்கவிட்டேன். ஊரே கூடிவிட்டது.

"உன் பாட்டுக்காரி வெளுத்தது எது? கைய வெச்சிக் காட்டுய்யா."

அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தொட்டார்.

"இதான். பளிச்சுனு கீது பாரு."

அவர் தொட்டதன் ஓரத்து முடிச்சை எடுத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ மாமா, அது அக்கா மண்ணுல தொவைச்சது!" என்றாள்.

"அந்தப் பொட்டில கீறதே ரெண்டு கலரு, கருப்பும் வெள்ளையும். காக்காயத் தவுர எல்லாமே வெள்ளதான்யா அதுல! அதப் பாத்துட்டா என்னக் கொற சொன்ன?" என்றேன் நான்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் மட்டும் 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் கூடையை எடுத்துக்கொண்டு களர்நிலத்துப் பக்கம் போனார். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னும் ஒரு கோபம் இருக்கிறது. அவர் போய்ப் பல வருஷமாகிறது. சில நாள் அவர் குரல்கூட நினைவில் மங்கிவிடுகிறது. அந்தப் பட்டணத்துக்காரி குரல் மங்கவில்லை. துணியைத் தண்ணீரில் நனைத்தால் போதும், வந்து நிற்கிறாள்.

எழுதினதப் படிச்சிக் காட்டு கண்ணு. பாட்டு வர்ற எடத்துல மட்டும் ராகம் போடாத. சும்மா படி.