மாங்காய் ஊறுகாயும் இரண்டாவது குடையும்

போன வாரம் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒரு குடைக்கடை வாசலில் ஒதுங்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், மழையும் தவறாமல் வந்துவிட்டது. கடைக்காரர் புதுக்குடைகளை ஒவ்வொன்றாக விரித்து ஒரு குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிடங்கிலிருந்து வந்த சுக்கு வாசனைக்கு நடுவே புது நைலானின் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கும். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது என் பொழுதுபோக்கு. இதை எப்படிச் சொன்னாலும் பீற்றிக்கொள்கிற மாதிரிதான் தொனிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நுழைந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, காக்கநாட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கலூரில் நசுங்கி, ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மைசூர்ப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் குளிர்காலத்துக்கு மட்டும் குதிப்பு முகாம் போடுகிறார்கள் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். வீட்டில் 'மைசூர்ல ஆபீஸ் டிரெயினிங்' என்று சொல்லியிருந்தேன். டிரெயினிங் என்பது பொய்யில்லையே என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

வீடு என்றால் நானும் அம்மாவும்தான். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்குத் தபாலாபீஸில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்க்கிற உத்தியோகம். அப்படிப்பட்டவளிடம் இரண்டு குளிர்காலம் பொய் சொல்லித் தப்பித்தேன் என்பது இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்த வருஷம், மூட்டு வலியால் குதிப்பதை நிறுத்திவிட்ட துபாய் மலையாளி ஒருவரின் பாராசூட் எனக்குக் கிடைத்தது. நீலமும் மஞ்சளுமான துணி. முதுகுப் பையில் இரண்டு குடைகள் இருக்கும்; பாராசூட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெரியதை நாமே மடிக்க வேண்டும். அது கைவிட்டால் விரிய வேண்டிய இரண்டாவது குடையை உரிமம் பெற்றவர் மட்டுமே மடிக்கலாம். மடித்தவர் தேதி போட்டு, பெயர் எழுதி, கையெழுத்திட்ட ஒரு சின்ன அட்டை பையிலேயே இருக்கும்.

பெரிய குடையை மடித்துப் பழக நீளமான தரை வேண்டும். எங்கள் வீட்டில் அதை விரித்தால் பாதி அடுக்களையில் கிடக்கும். அதனால் கல்யாணம் இல்லாத நாட்களில் எங்கள் சமூக மண்டபத்துச் சாவியைக் கேட்பேன். காவலாளி பாலு சேட்டன் முதலில் அதைப் பந்தல் துணி என்று நினைத்தார். பாராசூட் என்று தெரிந்தபின் மின்விசிறியை அணைத்துவிட்டு, கயிறுகளின் ஒரு நுனியை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டபோது, 'ஞான் ஒந்நும் கண்டிட்டில்ல' என்றார். கண்ணால் கண்டதை இவ்வளவு நன்றாக மறக்கிறவரை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் இருபத்து மூன்றாவது குதிப்பு. ஐயாயிரம் அடியில் குடையைத் திறந்தேன். திறந்ததும் அது இடது பக்கம் சாய்ந்து சுழல ஆரம்பித்தது. தலைக்கு மேலே கயிறுகள் முறுக்கேறின. மடிக்கும்போது, குடையைத் திருப்ப உதவும் இடது கைப்பிடிக் கயிற்றை நான் ஒழுங்காகச் செருகவில்லை. அது என் தவறு, வேறு யாருடையதும் இல்லை. ராகி வயலும் மண்சாலையும் ராட்டினம் மாதிரி சுற்றின. பயிற்சியில் நூறு தடவை சொல்லிக்கொண்டதை வாய் தானாகச் சொன்னது. சிவப்புப் பிடியை இழுத்துப் பெரிய குடையை உதறிவிட்டேன். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு இரண்டாவது குடைக்கான வெள்ளிப் பிடி. தோளைப் பிடித்துத் தூக்கியது போல வெள்ளைக் குடை ஒன்று தலைக்கு மேலே நின்றது. அவ்வளவு அழகான சதுரத்தை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அந்தக் குடையை மடித்தவர் ஸ்டெல்லாக்கா. கோயமுத்தூர்க்காரர், வெளிநாட்டில் இருந்தபோது இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். வயலிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடி மடித்துத் தருவதாகச் சொல்லி, பழைய அட்டையை என் கையில் வைத்தார். 'வெச்சுக்க கண்ணு, இது உன்னுது.' உயிர் காத்த குடையை மடித்தவருக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவது எங்கள் கூட்டத்தில் உலகம் முழுக்க உள்ள வழக்கம் என்று நண்பர்கள் நினைவுபடுத்தினார்கள். என்ன பாட்டில் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விவசாயி கண்டெடுத்துக் கொடுத்த பெரிய குடையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை லீவு போட்டு, சேற்றைக் கழுவி மொட்டை மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோது அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டாள். மாடி முழுக்க நீலமும் மஞ்சளும். அம்மா என் கைப்பைக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'இந்தக் கையெழுத்து யாரோடது?'

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன், அவள் அழவில்லை. எத்தனை தடவை பொய் சொன்னேன் என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். சாயங்காலம் அடுக்களையிலிருந்து குரல் வந்தது: வர்ற சனிக்கிழமை நானும் வரேன், அவளைப் பார்க்கணும்.

அந்த பாட்டில் வழக்கத்தையும் உளறியிருந்தேன். சனிக்கிழமை முகாமில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா தன் துணிப்பையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலை எடுத்தாள். உள்ளே கடுமாங்காய் ஊறுகாய். நான் தயங்கியதைப் பார்த்து, 'பாட்டில்தானே தரணும்? என்ன பாட்டில்னு யாராவது சொல்லியிருக்காளா?' என்றாள். ஸ்டெல்லாக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து முகர்ந்தவர், மத்தியானச் சோற்றுக்கு அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

அம்மா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர் அந்த வெள்ளைக் குடையை மடிப்பதைத் தொடக்கத்திலிருந்து கடைசி முடிச்சு வரை பார்த்தாள். புது அட்டையில் கையெழுத்து விழுந்ததும் அதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, தலையாட்டினாள்.

உண்மையைச் சொன்னால், நான் மறுபடி குதிக்க விரும்பவில்லை. அம்மா தடுப்பாள், பழியை அவள்மேல் போட்டுவிட்டுக் கௌரவமாக ஊருக்குப் போகலாம் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதையும் படித்துவிட்டாள்.

'நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு காத்துண்டிருக்கே. சொல்ல மாட்டேன். பயமா இருந்தா அதை நீயே சொல்லு.'

பயமா இருக்கு என்றேன். சரி என்றாள். பயத்தை வாய்விட்டுச் சொன்னபின் கொஞ்சம் இடம் காலியான மாதிரி இருந்தது. பெரிய குடையை மடிக்கும்போது இடது கைப்பிடிக் கயிற்றைக் கழற்றி, ஸ்டெல்லாக்கா பார்க்க நானே மறுபடி செருகினேன். மூன்று மணி விமானத்தில் ஏறினேன்.

குடை நேராகத் திறந்தது. பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை; நான் கத்தினேன், காற்று வாங்கிக்கொண்டது. தரையில் இறங்கித் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். பார்த்தியா அம்மா என்று கேட்டேன்.

'நான் மேலே பார்க்கலை. இவ மொகத்தைத்தான் பார்த்துண்டிருந்தேன். இவ சிரிச்சா. சரி, திறந்துடுத்துன்னு புரிஞ்சுது.'

திரும்பி வரும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த வாரம் முழுக்க அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த முகாம் இப்போது இல்லை. ஓடுதளத்தில் பயணிகள் விமானம் வந்துபோகிறது. சமூக மண்டபத்தை இடித்துக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். பாலு சேட்டன் மகனோடு ஏலூரில் இருக்கிறார். ஸ்டெல்லாக்கா மகளோடு நியூசிலாந்து போய்விட்டார். நான் இப்போது குதிக்கப் போவது வடக்கே, வருஷம் முழுக்க நடக்கிற ஒரு மைதானத்துக்கு. ஓய்வு பெற்றுவிட்ட அம்மா காலையிலேயே போனில் அங்கத்திய காற்று வேகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்கிறாள்.

இன்னொன்றும் மறைந்துவிட்டது. அந்தப் பழைய முகாமில் பெண்கள் உடை மாற்ற ஒரு கூடாரம்தான், அதற்குத் தாழ்ப்பாளும் கிடையாது. குதிக்க வருகிற ஒரே பெண் பெரும்பாலும் நான்தான் என்பதால், உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் துப்பட்டாவை வெளியே தொங்கவிடுவேன். போன மாதம் வடக்கே போயிருந்தபோது பெண்களுக்கென்று செங்கல் கட்டடம், நல்ல தாழ்ப்பாள். கதவுக்கு வெளியே வரிசை. எல்லாம் சின்னப் பெண்கள், ஒருத்தி போனில் தன் அம்மாவுக்குத் தலைக்கவசத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். விமானத்துக்கு நேரமாகிறது என்று உள்ளே இருந்தவளை அவசரப்படுத்தினார்கள். நான் ஐந்தாவதாக, அவசரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.