தாயார் நேரில் வரவும்

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு 'இதோ டீச்சர்' என்று பெயர். தலைமையாசிரியர் கூப்பிட்டாலும் "இதோ", பிள்ளைகள் கூப்பிட்டாலும் "இதோ", வீட்டிலிருந்து மகள் போன் செய்தாலும் "இதோ கண்ணு, வந்துட்டேன்." பதினாறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். சொன்ன நேரத்துக்கு அவர் போய்ச் சேர்ந்த ஒரே இடம் வகுப்பறைதான்.

போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆசிரியர்கள் நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி, வீட்டையும் வேலையையும் சமமாகக் கவனிப்பது எப்படி என்று. வைத்ததோ விடுமுறை நாளில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பயிற்சியாளர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் வீடு, உங்கள் நாளைப் பிரித்து எழுதுங்கள் என்றார்.

இதோ டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "காய் நறுக்கிக்கிட்டேதான் பேப்பர் திருத்தறேன். இத எந்தப் பக்கம் எழுதறது?"

"கைய வெட்டிக்கிட்டா வீடு, மார்க்கத் தப்பாப் போட்டா வேலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மாலையில் பார்த்தால், அவர் தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது ஒரே வரி. நாலரையிலிருந்து ஐந்தரை வரை, தேறாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு.

அந்த வகுப்பை எடுக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. கணக்கில் ஃபெயிலான ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லித் தருவார். போனை அணைத்துவிடுவார். கூரை இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கேட்டால், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார். அவருடைய ஒரே மகள் வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பு. கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். "அவளப் பத்தி எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. அவர் வகுப்பாசிரியர், நாற்பத்து மூன்று மதிப்பெண் அட்டைகளில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் அட்டையிலுமாக அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, மகள் தன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி அச்சடித்த அட்டைதான். "இதோ கண்ணு" என்று இவரும் அதே வேகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவளும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மதியம் ஆசிரியர் அறையில் இருந்தபோது மகளின் வகுப்பாசிரியை போன் செய்தார். சத்தமான குரல், எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"டீச்சர், உங்க பொண்ணு அட்டைல என் கையெழுத்துக்குப் பக்கத்துலயே நீங்களும் வாத்தியார் மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. 'கணக்கில் கவனம் தேவை. தாயார் நேரில் வரவும்'னு எழுதியிருக்கீங்க. பெற்றோர் கட்டம் காலியாவே இருக்கு. எப்ப வரீங்க?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

"கணக்குல கவனமா? என் பொண்ணுக்கா? எவ்வளவு மார்க்?"

"பூஜ்யம் டீச்சர். நீங்க பாக்கலையா?"

வரலாற்று வாத்தியார் "வாத்தியார் பிள்ளை..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கினார். இதோ டீச்சர் போனைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். தன் கையாலேயே எழுதிய குறிப்பு, எந்த மார்க்கைப் பார்த்து எழுதினோம் என்பதே அவருக்கு நினைவில்லை. அன்று நாலரை வகுப்பை என் தலையில் கட்டிவிட்டு ஓடினார். எனக்குக் கணக்கு வராது. பிள்ளைகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகளின் பள்ளியில் விடைத்தாளை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார்கள். பெயரும் வரிசை எண்ணும் முத்து முத்தாக எழுதியிருக்கிறது, மற்றதெல்லாம் வெள்ளை. வெளியே வந்து வராந்தாவில் மகளைக் கேட்டிருக்கிறார்.

"கேள்வி புரியலையா?"

"புரிஞ்சுதும்மா."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன்டி?"

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்: "ஃபெயிலானாத்தானே நீ பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவ?"

இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்தினேன். அந்த வாரமே தனி வகுப்பை மூன்று நாளாகக் குறைத்து அறிவிப்பு ஒட்டினார். மீதி இரண்டு நாள் மகளுக்கு. முதல் நாள் முடிந்து மறுநாள் காலை, எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"பத்து கணக்குக் கொடுத்தேன் டீச்சர். பத்து நிமிஷத்துல அத்தனையும் சரியாப் போட்டுட்டா."

"சந்தோஷம்தானே?"

"இன்னும் அம்பது நிமிஷம் இருந்துச்சு." பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "அவ நோட்ட மூடி வச்சிட்டு என்னையே பாத்துக்கிட்டிருக்கா. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. டீச்சர், மத்த அம்மாவெல்லாம் என்ன பேசுவாங்க?"

எனக்கும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். பெரிதாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா' என்பதுதான் வந்தது.