முதல் கரண்டி தொக்கு

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் சிநேகிதி அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் ஸ்டாஃப் ரூமில் வட்டமாக உட்கார்ந்து மாமியார் கதை பேசுவார்கள். நாங்கள் இருவரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லேபுக்குப் பின்னால் இருக்கும் புங்கமரத்தடிக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. எங்களுக்கு மாமியார் கதை வேண்டாம், விவாதம் வேண்டும்.

எதை வேண்டுமானாலும் விவாதிப்போம். பையன்கள் தலையைப் பக்கவாட்டில் மழித்துக்கொண்டு வந்தால் வீட்டுக்கு அனுப்பலாமா, பிள்ளைகளுக்குப் பத்தாவது முடியும் முன் செல்போன் கொடுக்கலாமா, வெயில் காலத்தில் ஷூ எதற்கு, இப்படி. எதிர்க்கட்சியும் அவள்தான், நீதிபதியும் அவள்தான். சாப்பாட்டு நேரம் முடியப்போகும்போது அவள் தொக்கு டப்பாவைத் திறப்பாள். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. கிளிமூக்கு மாங்காயில் அவளே கிண்டிய தொக்கு, வருஷம் முழுக்க வரும். ஜெயித்தவருக்குத்தான் முதல் கரண்டி. அதுதான் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

முதல் கரண்டி பெரும்பாலும் எனக்குத்தான் விழும். என் வாய் அப்படி. தோற்கப் போகிறேன் என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது, பாக்ஸை மூடி ஓரமாக வைத்துவிடுவேன். அது சின்ன வயதிலிருந்தே வந்த குணம், அம்மா அடித்தும் போகவில்லை. ஆனால் மூடிய சற்று நேரத்தில் எப்படியோ விவாதம் என் பக்கம் திரும்பிவிடும். கடைசியாக நான் சொல்லும் பாயிண்டு அவளுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். மறுபடி மூடியைத் திறந்து, தொக்கைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவேன். பல வருஷம் இப்படித்தான் போனது.

அப்புறம் அவள் வந்தாள். இங்கிலீஷ் டீச்சர். ஓசூரில் பிறந்து வளர்ந்தவள், மாரண்டஹள்ளியில் வாழ்க்கைப்பட்டு எங்கள் பள்ளியில் சேர்ந்தவள். எங்களைவிட வயது குறைவு. முதல் வாரமே என் சிநேகிதி அவளைக் கையோடு புங்கமரத்தடிக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

"பாவம், ஸ்டாஃப் ரூம்ல ஒத்தையா உக்காந்திருந்துது. நம்மகூட இருக்கட்டும்டி."

"இருக்கட்டும்" என்றேன். பெஞ்சில் நடுவில் இடம் விட்டது என் சிநேகிதி. நான் விடவில்லை.

அன்றைய விவாதம் இரட்டை ஜடை. பெண் பிள்ளைகள் இரண்டு ஜடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டித்தான் வரவேண்டும் என்பது பள்ளி விதி. அது சரிதான், பிள்ளை என்றால் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்றேன் நான். அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்தாமலே, சத்தம் போடாமலே பேசினாள்.

"அக்கா, நம்ம புள்ளைங்க பாதி பேரு வெடியக்காலம் எந்திரிச்சு தண்ணி புடிச்சு, மாட்டுக்குத் தீனி போட்டுட்டு ஓடி வந்து பஸ்ஸ புடிக்குதுங்க. அம்மாக்காரி அதுக்கு முன்னாடியே தக்காளி பறிக்கப் போயிருப்பாங்க. யாரு ரெண்டு ஜட பின்னி விடுறது? ஒத்த ஜட போட்டா படிப்பு ஏறாதுங்களா?"

என் சிநேகிதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நல்ல மாங்காயைக் கையில் வைத்து உருட்டிப் பார்க்கிற பார்வை. என்னை அவள் அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான் பாக்ஸை மூடினேன். இரண்டு நிமிஷம் கழித்து முதல் கரண்டி எனக்குத்தான் வந்தது. இருந்தும் தொக்கு அன்று ருசிக்கவில்லை.

இது போதாதென்று கன்னடம் வேறு. என் சிநேகிதி வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் போகும்போதெல்லாம் வீடே எனக்காகத் தமிழுக்கு மாறிக்கொள்ளும். இங்கே பள்ளியில் அவள் கன்னடம் பேசி நான் கேட்டதே இல்லை. புதியவள் ஏதோ ஒரு நாள் தற்செயலாக ஒரு வார்த்தை விட, இவளும் பதில் சொல்ல, மடை திறந்துகொண்டது. விவாதத்தின் நடுவில் இருவரும் சட்டென்று அந்தப் பக்கம் போய்விடுவார்கள். கிசுகிசு, ஒரு சிரிப்பு, அப்புறம் தமிழுக்குத் திரும்பி வருவார்கள். என் சிநேகிதியின் சிரிப்பே அந்த பாஷையில் வேறு மாதிரி இருந்தது. தொண்டையிலிருந்து வரும், தோளெல்லாம் குலுங்கும். என்னோடு பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள் அவள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. பொறாமை என்றால் பொறாமைதான். சாயங்காலம் அவர்கள் இருவரும் ஒரே மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறுவார்கள். நான் எதிர்ப் பக்கம் நின்று காரிமங்கலம் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். ஜன்னல் வழியாகக் கை காட்டுவார்கள். நானும் காட்டுவேன். பஸ் நகர்ந்ததும், இப்போது என்னைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று தோன்றும். வீடு வரைக்கும் அதே நினைப்பு.

ஓவர்கோட்டு விவகாரத்தில்தான் நான் மானத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் பள்ளியில் டீச்சர்கள் சேலைக்கு மேல் ஒரு கோட்டு போட வேண்டும். ஏப்ரல் மாதத்தில், மின்விசிறி நின்றுபோன வகுப்பில், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுப்பதைவிட உலையில் உட்காரலாம். அதை அதிகமாகத் திட்டியவளே நான்தான். ஆனால் கோட்டு வேண்டாம் என்று புதியவள் ஆரம்பித்ததும், நான் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன்.

"கோட்டு போட்டாத்தான் ஒரு மரியாதை. புள்ளைங்களுக்கு பயம் இருக்கும்" என்றேன். முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தக் கோட்ட கழட்டி முறம் மாதிரி விசிறிக்கிட்டு இருக்கீங்களே இப்ப" என்றாள் அவள்.

என் சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள். தோள் குலுங்குகிற அந்தச் சிரிப்பு, முதல்முறையாக என்னைப் பார்த்து. முதல் கரண்டி புதியவளுக்கு விழுந்தது. நான் பாக்ஸை மூடியவள் மூடியவள்தான். சாயங்காலம் மூடிய பாக்ஸோடு பஸ்ஸுக்கு நின்றேன். என் சிநேகிதி சாலையைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"சாப்புடலையாடி நீ?"

"பசிக்கல."

என் கையிலிருந்த பாக்ஸைத் தூக்கிப் பார்த்தாள். அவர்கள் பஸ் வந்ததும் ஓடிவிட்டாள். மறுநாளிலிருந்து முதல் கரண்டி மறுபடியும் எனக்கே விழுந்தது. செல்போன், ஷூ என்று பழையதைக் கிளறினாலும் எனக்குத்தான். ஆனால் தீர்ப்புக்கு முன்னால் அவர்கள் இருவருக்கும் கன்னடத்தில் ஒரு சின்னக் கலந்துபேச்சு நடக்கும். அதுதான் என்னைத் தின்றது. எனக்குத் தெரியாமல் எனக்கு முன்னாலேயே என்ன பேசுகிறார்கள்?

கன்னடம் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் அவர்கள் காதுக்குப் போய்விடும். டி.வி.யில் கன்னட சீரியல் போட்டேன். மாமியார் மருமகள் சண்டை எந்த பாஷையிலும் ஒன்றுதானே, முகத்தைப் பார்த்தே பாதி புரிந்தது. புரியாத மீதியைப் போனில் தேடிக் கேட்டு, தோசை வார்க்கும்போது முணுமுணுத்துக்கொண்டேன். சந்தையில் கன்னடம் பேசுகிற வியாபாரிகள் பக்கம் போய் வேண்டாத முள்ளங்கியை எல்லாம் விலை கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னா, நம்ம வூட்டு டி.வி.க்கு பாஷ மாறிப்போச்சா?" என்றார்.

"பொது அறிவு" என்றேன்.

"அழுதுக்கிட்டே இருக்கறதா பொது அறிவு?" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டைப் பார்க்கப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாங்காய் வரத்து முடிகிற சமயத்தில் ஒரு நாள். புதியவள் டயட் தொடங்கியிருந்தாள். சோறு கிடையாது. பாக்ஸில் வேகவைத்த கொள்ளு, வெள்ளரிக்காய், இரண்டு முட்டை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம பாட்டன் பூட்டன் என்ன டயட்டு இருந்தாங்க? மூணு வேளையும் களி உருண்ட உருண்டையா தின்னாங்க. சுகரு வந்துச்சா, பிரஷரு வந்துச்சா? உங்க தலமுறைக்குத்தான் எல்லாம் டயட்டு" என்று ஆரம்பித்தேன்.

"அவங்க தின்ன களி தப்பில்லீங்கக்கா. தின்னுட்டு மேட்டுக்காட்டுல ஏர் ஓட்டுனாங்க. கொள்ளுகூட அவங்க தின்னதுதான். நாம தின்னுட்டு நாற்காலில உக்காந்து பேப்பர் திருத்தறோம். அதுவுமில்லாம, களியா இருந்தாலும் பரவால்ல. உங்க பாக்ஸுல இருக்கறது வெள்ளச்சோறுங்க."

குனிந்து என் பாக்ஸைப் பார்த்தேன். வெள்ளைச் சோறுதான். அதற்கு ஒரு உருளைக்கிழங்கு வறுவல் வேறு. களிக்காக இத்தனை வாதாடிய நான் வீட்டில் களி கிண்டியே பல மாதம் இருக்கும். கை தானாக மூடியை எடுத்தது.

அப்போது புதியவள் என் சிநேகிதி பக்கம் சாய்ந்து கன்னடத்தில் கேட்டாள். இன்றைக்குமா அவங்களுக்கு, எதுக்குக்கா எப்பவும் அவங்களுக்கே கொடுக்கறீங்க என்று. எனக்குப் புரிந்தது. சீரியலில் வருகிற மாதிரி மெதுவாக, தெளிவாகப் புரிந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

என் சிநேகிதி தொக்கு டப்பாவைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பிடு. சோத்ரெ ஊட்டா மாடல்ல அவளு."

விடு, தோற்றால் சாப்பிட மாட்டாள் அவள். அப்புறம் இன்னும் ஒரு வாக்கியம், அதுவும் புரிந்தது. சாயங்காலம் வரைக்கும் பசியோடு கிடப்பாள்.

என்னைக் கேலி செய்திருந்தால் தேவலாம், அதற்குத்தான் தயாராகி வந்திருந்தேன். இத்தனை வருஷம் நான் ஜெயித்ததெல்லாம் ஜெயமே இல்லை, அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஊட்டுகிற சோறு. இதற்கு நெகிழ்ந்து போயிருக்க வேண்டும். நான் நெகிழவில்லை. எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. அந்தப் பெண்ணோடு அவள் நிஜமாகப் பேசுகிறாள். நீ சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அவளுக்குத் தோற்கத் தெரியும் என்று நம்புகிறாள். அந்த மரியாதை எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை, எனக்கு ஒரு கரண்டி தொக்குதான் கிடைத்தது.

கரண்டி என் பக்கம் வந்தது. நான் பாக்ஸை நகர்த்திக்கொண்டேன்.

"மொதல்ல அவளுக்கு வை."

"என்னாடி?"

"அவளுக்கு வை. நான் தோத்துட்டேன்." மூடியைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தேன். அப்புறம், தோசைக்கல் முன்னால் நின்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த உச்சரிப்பில் சொன்னேன். "ஊட்டா மாடோணா?"

சாப்பிடலாமா என்று அர்த்தம். கரண்டி நடுவழியில் நின்றது. புதியவள் முட்டையைக் கடித்த வாயை மூட மறந்து என்னைப் பார்த்தாள். என் சிநேகிதியின் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"எப்பருந்துடி?"

"அது எதுக்கு. நான் கேக்கறதுக்கு நெசத்த சொல்லு. ரெட்ட ஜட?"

கரண்டியைப் புதியவளின் பாக்ஸில் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள். "தோத்துட்ட."

"ஷூ?"

"தோத்துட்ட."

"பையனுங்க முடி?"

"அதுல ரொம்ப மோசமா தோத்துட்டடி."

ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் சோறு அள்ளிப் போட்டேன். தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்திவிடுவேனோ என்று.

"செல்போனு?"

அவள் யோசித்தாள். தொக்கு டப்பாவை ஒரு முறை கிண்டினாள்.

"அதுல நீதான் ஜெயிச்ச. நெசமா, சத்தியமா."

"இல்லக்கா, அதுலயும் இவங்க..." என்று புதியவள் வாயெடுத்தாள்.

"சும்னிரு" என்றாள் என் சிநேகிதி அவளிடம், தாழ்ந்த குரலில்.

பேசாமல் இரு என்று அர்த்தம். சீரியலில் மாமியார் மணிக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. நான் கேட்காதது போலத் தலையைத் தூக்காமல் இருந்தேன். பாக்ஸை அவள் பக்கம் நீட்டினேன். இரண்டாவது கரண்டியை வைத்தாள். பிசைந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன்.