கந்தூரியில் ஒரு தேவாரக்காரி

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் யோகமலரைப் பாட்டுக்கார அன்ரி என்றால்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, முதலில் பார்க்டேலில் ஒற்றை அறையில் குடியிருந்த நாளிலேயே, பக்கத்து வீட்டார் சுவரில் தட்டும்வரை தேவாரம் பாடியவர். இப்போது பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்கிறார். லீவு நாளில் கோயில், செத்தவீடு எதையும் விடுவதில்லை. கூப்பிடாத வீட்டிலும் பாடுவார் என்று பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு. அது முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் கீழ்த்தள லோண்டிறியில் வாயடைத்து நின்றார். தமிழ்நாட்டுக் கடலோர ஊர்க்காரனான ஜாபர், உடுப்பு மடித்தபடியே பாடிக்கொண்டிருந்தான்:

"கதவில்லா வீட்டுக்குள்ளே காத்திருக்கும் கண்மணியே,
எதைச்சொல்லி அழைத்தாலும் என்குரலை அறிவாயே."

காதல் பாட்டா என்று கேட்டார். இல்லை, இறைவனைப் பாடியது என்றான் ஜாபர். பல நூற்றாண்டுக்கு முன் அவனுடைய ஊரில் வாழ்ந்த சூஃபி ஒருவர் பாடியதாம். கப்பல் வணிகர் வீட்டுப் பிள்ளை, சரக்கையெல்லாம் பசித்தவர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு மணல்மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். இறைவனைப் பெண்ணாக நினைத்தே உருகினார்.

யோகமலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலமும் இப்படி ஒரு மனிசனைப் பற்றி ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. அன்றே பாட்டை எழுதி வாங்கினார். வேலையிடத்தில் அவர் பாடிய பாட்டைக் கேட்டு, லொத்தரில் பரிசு ஏதும் விழுந்துவிட்டதா என்று மேற்பார்வையாளர் றெபேக்கா விசாரித்தாள்.

அந்தச் சூஃபியின் நினைவுநாள் கந்தூரிக்கு ஊர் போக ஜாபரோடு இருந்த வயதான வாப்பாவுக்கு அந்த வருடம் உடம்பு இடம்தரவில்லை. ஆகவே கட்டடத்தின் பார்ட்டி ஹாலிலேயே கந்தூரி வைத்தார்கள். சபையில் பாட ஜாபருக்குக் கூச்சம், வேறு ஆளும் இல்லை என்றதும் யோகமலர் தானாகவே முன்வந்தார். வெளியாளா பாடுவது என்று உறவுக்காரர் சிலர் முணுமுணுத்ததையும் மீறி ஜாபர் சம்மதித்தான். "வாப்பா இதைக் கேக்கத்தான் உக்காந்திருக்காங்க அக்கா," என்று மட்டும் சொன்னான்.

ஹாலில் சாம்பிராணி மணந்தது. யோகமலர் கண்ணை மூடி, கைகூப்பி, குரலைத் திறந்தார்.

"திருச்சிற்றம்பலம்."

தேவாரத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சொல்லுகிற சொல். வாழ்நாள் பழக்கம், நினைப்பை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஜாபரின் முகம் வெளிறியது. முணுமுணுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து ஓடலாமா என்று யோகமலர் பதறினார். ஓடினால் அந்தக் கிழவருக்குப் பாட்டு இல்லை. கண்ணைத் திறக்காமலே பாடினார்.

அப்படி அவர் எந்தக் கோயிலிலும் பாடியதில்லை. "எதைச்சொல்லி அழைத்தாலும்" என்ற அடி வந்தபோது சந்தோசமும் பயமும் ஒன்றாகப் பொங்கின. பாட்டு முடிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார், பழைய சொல் மறுபடி வந்துவிடாதிருக்க.

வாப்பா கண்ணைத் துடைத்தார்.

"தங்கச்சி, ஆரம்பத்துல ஒண்ணு சொன்னீங்களே, அதை முடிவுலயும் சொல்லணுமே. ஊர்ல எங்க வீடு சிவன் கோயில் தெருவுலதான். தினம் கேட்டு வளர்ந்தவன் நான்."

யோகமலர் ஜாபரைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

முதலில் வாய்தவறி வந்த சொல்லை இந்தமுறை மனமறிந்து சொன்னார்.