வேலியோரம் ஏற்றிய கொடி

சாவிக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தெருமுனைக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பூட்டுக்குச் சாவி வெட்டிக் கொடுக்கிறவர். எந்தப் பூட்டும் எவ்வளவு லேசில் வாயைத் திறக்கும் என்று தெரிந்த மனுஷன் வேறு எப்படி இருப்பார்?

தன் வீட்டில் அவர் பூட்டி வைத்தது பூசணி விதையை. வீட்டுக்குப் பின்னால் கல்லும் சரிவுமான நிலம். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கல்லை வரிசையாக அடுக்கி, ஓடுகிற மண்ணைப் பிடித்து நிறுத்தி, அந்த மண்ணுக்கென்றே பொறுக்கிப் பொறுக்கி எடுத்த ஜாதி அது. காய் தட்டையாக, சாம்பல் பூத்த தோலோடு, ஆளை முறைக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். தண்ணீருக்கு அலையாது. பறித்து வைத்தால் மாதக்கணக்கில் அழுகாது. மழையில் சரிந்த கல்லைத் திரும்ப அடுக்குவதும், முதல் காயை விதைக்கு விடுவதும் அப்பாவுக்குப் பின் அவர் பாடு. வேறெங்கும் அந்த விதை இல்லை. பெருமையும் அதுதான், பயமும் அதுதான்.

முந்தின வருஷம் விதைக் குடுவையில் மட்டம் இறங்கினாற்போல் இருந்தது. தம்பி மனைவி மேல்தான் கண் போயிற்று. மருந்துக்கடையில் வேலை, குடியிருப்பு பக்கத்துப் போர்ஷன்.

“சர்க்கரை வாங்க வந்தா, அவ்வளவுதான்,” என்றாள் அவர் மனைவி.

“சர்க்கரைக்கு வந்தவ அலமாரியை எதுக்குப் பாக்கறா?”

“அலமாரி நடுவீட்ல நிக்குது. கண்ணைக் கட்டிக்கிட்டா வருவா?”

அவருக்கு மனசு ஆறவில்லை. விதைத்தது போக மிஞ்சியதை அடுப்பில் போட்டார். திருட மிச்சம் இருந்தால்தானே. அதோடு விட்டாரா? சந்தை விதை வாங்கி வேலியோரம் ஒரு கொடி ஏற்றினார். வருகிற கள்ளன் கைக்கு எட்டினதைப் பறித்துக்கொண்டு ஏமாந்து போகட்டும் என்று கணக்கு.

அந்த வருஷம் எடுத்த விதையைத்தான் இந்த வருஷம் ஊன்றினார். சரிவில் காய்த்ததெல்லாம் உருண்டை. சிலது மஞ்சள், சிலது வரிவரியாக. சாம்பல் தோல் ஒன்றுகூட இல்லை. நேரே போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்றார்.

“என் விதையை எடுத்துட்டு வேற எதையோ வச்சிட்டே.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எடுத்தேன் மாமா. மாத்தலை.”

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொண்டதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. “எப்போ?”

“போன வருஷம், நீங்க ஊன்றதுக்கு முன்னாடி குடுவையை வெளிய எடுத்து வச்சிருந்தப்போ. ஒரு பிடி. கேட்டா குடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கலை. மாத்தினது நீங்கதான். வேலியில சந்தைக் கொடி ஏத்தினீங்களே, தேனீ ரெண்டு பூவிலயும் உக்காந்து மகரந்தத்தைக் கலந்துடாதா? உங்க பூட்டெல்லாம் அதுக்குத் தெரியுமா?”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா அந்தப் பக்கம் வேறு பூசணி ஏறவே விட்டதில்லை. அப்பாவும் தன்னைப் போல யாரையும் நம்பாதவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“மிச்சம் இருக்கா?”

“இருக்கு. எங்கேன்னு சொல்ல மாட்டேன். முதல்ல அந்தக் கொடியைப் பிடுங்குங்க. உருண்டையெல்லாம் சமையலுக்குப் போகட்டும், ஒண்ணையும் விதைக்கு விடாதீங்க. அடுத்த தடவை ஊன்றதுக்கு நான் தரேன்.”

“முழுசும் தருவியா?”

“பாதி. உங்களை நம்பி முழுசையும் எப்படிக் குடுக்கறது?”

ஊரையெல்லாம் பார்த்து அவர் சொல்லி வந்த பேச்சு. அன்றைக்கே கொடியை வேரோடு பிடுங்கினார்.

மண் ஈரமானதும் அவள் மருந்துப் புட்டியோடு வந்தாள். அவர் கையில் கொட்டினாள். அவர் அதில் இரண்டை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே ஈரத் துணியில் சுற்றினார்.

“என்ன மாமா இது?”

“முளைக்குதான்னு பாக்கணும். வறுத்துக்கூடக் குடுத்திருக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் கையில் இருந்ததையெல்லாம் திரும்பப் புட்டிக்குள் தள்ளி மூடினாள். “அப்ப அது முளைக்கட்டும். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கும். இல்லேன்னா இதையும் அடுப்புல போடுவீங்க.”

அவள் சொன்னது சாவிக்காரருக்கு நியாயமாகவே பட்டது.